25,000 பேர் நின்று பார்க்கும் மஞ்சள் சுவர்... டார்ட்மண்ட் ஸ்டேடியத்துக்கு அப்படி என்னதான் மவுசு?

ஃபுட்பால் பிடிக்காதவங்க மொபைலில்கூட ஒருமுறையாவது அந்த வீடியோ வந்து போயிருக்கும். ஒரு கோல் போஸ்ட். அதற்குப் பின்னால், தரையிலிருந்து கூரை வரை மஞ்சள் நிறத்தில் ஒரு சுவர். கொஞ்சம் உற்றுப் பார்த்தால், அந்தச் சுவர் அசையும், குதிக்கும், பாடும். அத்தனையும் மனிதர்கள்!

ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரத்தில் இருக்கும் வெஸ்ட்ஃபாலன் ஸ்டேடியம்தான் அது. ஸ்பான்சர் பெயர் 'சிக்னல் இடூனா பார்க்'. பொருசியா டார்ட்மண்ட் கிளப்பின் சொந்த மைதானம். மொத்தம் 81,365 பேர் உட்காரவும் நிற்கவும் இடமுள்ள, ஜெர்மனியின் மிகப்பெரிய ஃபுட்பால் ஸ்டேடியம். அதில் தெற்குப் பக்க கேலரியில் மட்டும் சுமார் 25,000 பேர், ஆட்டம் முழுக்க நின்றுகொண்டே பார்ப்பார்கள். நின்று பார்க்கும் கேலரிகளில் ஐரோப்பாவிலேயே பெரியது இதுதான்.

இதைவிட அழகான ஸ்டேடியங்கள் உலகத்தில் நிறைய உண்டு. அதிகக் கோப்பைகளைப் பார்த்த ஸ்டேடியங்களும் உண்டு. ஆனாலும், 'சாவதற்குள் ஒருமுறையாவது போய்ப் பார்க்கணும்' என்று ஃபுட்பால் ரசிகர்கள் போடும் லிஸ்ட்டில் டார்ட்மண்ட் தவறாமல் இருக்கும். ஏன்? கட்டடம்தான் காரணமா, ரசிகர்களா, இல்லை வேறு ஏதாவதா? வாங்க, பார்ப்போம்.

குறைந்த பட்ஜெட்டில் வந்த ஸ்டேடியம்

இன்று உலகப்புகழ் பெற்ற இந்த மைதானம், ஒருவகையில் அதிர்ஷ்டத்தில் வந்ததுதான். 1974-ல் மேற்கு ஜெர்மனியில் உலகக் கோப்பை நடந்தது. பக்கத்து நகரமான கொலோனுக்குத்தான் முதலில் போட்டிகள் ஒதுக்கப்பட்டன. புது ஸ்டேடியம் கட்ட கொலோனிடம் பணம் போதவில்லை. அந்த இடத்துக்கு டார்ட்மண்ட் உள்ளே நுழைந்தது.

டார்ட்மண்டிலும் பணம் கொட்டிக் கிடக்கவில்லை. அதனால், முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பாகங்களைக் கொண்டுவந்து பொருத்தும் சிக்கனமான முறையில் கட்டினார்கள். அலங்காரம் கிடையாது. நான்கு பக்கமும் நான்கு கேலரி, மேலே கூரை, அவ்வளவுதான். சுற்றிலும் ஓட்டப்பந்தய டிராக் போடவில்லை. அந்தக் காலத்தில் ஜெர்மனியின் பெரிய ஸ்டேடியங்களில் டிராக் இல்லாதது அபூர்வம். பணத்தை மிச்சம் பிடிக்கக் கட்டிய இந்த எளிமைதான், பிறகு இதன் பெரிய பலமாக மாறியது. ரசிகர்களுக்கும் புல்தரைக்கும் நடுவில் இடைவெளியே இல்லை.

1974 ஏப்ரல் 2-ம் தேதி திறப்பு விழா. அன்றைய மெயின் ஆட்டத்தில், பரம எதிரியான ஷால்க அணியிடம் டார்ட்மண்ட் 0-3 எனத் தோற்றது. சொந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்திலேயே அடி! அந்த ஆட்டத்துக்கு முன்பாக ஒரு பெண்கள் ஆட்டமும் நடந்தது. பெண்கள் ஃபுட்பால் ஆட ஜெர்மன் ஃபுட்பால் சங்கம் விதித்திருந்த தடை 1970-ல்தான் நீங்கியிருந்தது என்பதையும் சேர்த்து யோசித்தால், அது சின்ன விஷயம் இல்லை.

அதே ஆண்டு ஜூன் மாதம், இதே புல்தரையில் ஒரு சரித்திரம் நடந்தது. நெதர்லாந்து - ஸ்வீடன் ஆட்டத்தில், யோஹான் க்ரைஃப் பந்தைப் பாஸ் செய்வதுபோல பாவ்லா காட்டி, காலுக்குப் பின்னால் இழுத்துத் திரும்பினார். எதிரணி டிஃபெண்டர் திசை தெரியாமல் நின்றார். 'க்ரைஃப் டர்ன்' என்று இன்றைக்கும் தெருவில் ஆடும் பசங்க வரை பழகும் அந்த ட்ரிக்கை உலகம் பார்த்தது டார்ட்மண்டில்தான். ஆட்டம் என்னவோ 0-0!

தொடக்கத்தில் 54,000 பேர் கொள்ளளவு. 90-களில் கிளப் ஜெயிக்க ஜெயிக்க, ஸ்டேடியமும் வளர்ந்தது. மேலே மேலே அடுக்கு சேர்த்தார்கள். பிறகு நான்கு மூலைகளையும் மூடினார்கள். கூரையைத் தாங்க வெளியே 8 மஞ்சள் தூண்கள். 62 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் அவை, நகரத்துக்குள் ரயில் நுழையும்போதே கண்ணில் படும்.

ஊரே தொலைத்ததை இங்கே தேடியது

இந்த மைதானத்தின் சத்தத்தைப் புரிந்துகொள்ள, ஊரைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

டார்ட்மண்ட் இருப்பது ரூர் பகுதியில். நிலக்கரி, இரும்பு, பீர் ஆகிய மூன்றும்தான் இந்த ஊரின் அடையாளம். 1909 டிசம்பர் 19 அன்று, போர்சிக்பிளாட்ஸ் என்ற தொழிலாளர் பகுதியில் ஒரு மதுக்கடை மாடியில் கூடிய இளைஞர்கள் இந்த கிளப்பை ஆரம்பித்தார்கள். அவர்களெல்லாம் உள்ளூர் கத்தோலிக்க தேவாலய இளைஞர் குழுவைச் சேர்ந்தவர்கள். 'ஃபுட்பால் எல்லாம் கெட்ட பழக்கம்' என்று பாதிரியார் கண்டிக்க, தனியாகப் பிரிந்து வந்துவிட்டார்கள். 'பொருசியா' என்ற பெயர் பக்கத்திலிருந்த பீர் ஆலையிடமிருந்து வந்தது. முதல் ஜெர்சி மஞ்சள் இல்லை, நீலம், வெள்ளை! மஞ்சள்-கறுப்புக்கு மாறியது 1913-ல்தான்.

காலம் மாறியது. டார்ட்மண்டின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 1987-ல் மூடப்பட்டது. இரும்பு உருக்காலை ஒன்றை 2000-களின் தொடக்கத்தில் பாகம் பாகமாகப் பிரித்து, கப்பலில் ஏற்றி, சீனாவுக்கே கொண்டுபோய்விட்டார்கள். அது நின்ற இடத்தில் இப்போது ஒரு செயற்கை ஏரி இருக்கிறது. கரையில் வசதியானவர்களின் வீடுகள்.

அப்பா வேலை பார்த்த சுரங்கம் இல்லை. தாத்தா வேலை பார்த்த உருக்காலை இல்லை. ஆனால், அவர்கள் இருவரும் சனிக்கிழமை மதியம் போய் நின்ற கேலரி மட்டும் அப்படியே இருக்கிறது. தெற்கு கேலரியில் மூன்று தலைமுறை சேர்ந்து நிற்பது அங்கே சர்வ சாதாரணம். 6 லட்சம் பேர் வாழும் நகரத்தில், ஒவ்வொரு லீக் ஆட்டத்துக்கும் 81,000 பேர் வருவதன் காரணம் அதுதான். ஐரோப்பாவில் சராசரியாக அதிகக் கூட்டம் வரும் கிளப் என்ற இடத்தைப் பல சீசன்களில் டார்ட்மண்ட் பிடித்திருக்கிறது. கோப்பை ஜெயிக்காத வருடங்களிலும்கூட!

சுவர் எப்படி வேலை செய்கிறது?

ஜெர்மன் மொழியில் 'டி கெல்பே வாண்ட்'. தமிழில் நேராகச் சொன்னால் 'மஞ்சள் சுவர்'. சுமார் 100 மீட்டர் அகலம், 40 மீட்டர் உயரம். மேலே போகப் போகச் செங்குத்தாகும் படிகள், 37 டிகிரி வரை சாய்வு. உச்சியில் நிற்பவருக்கு மொட்டை மாடி விளிம்பில் நின்று எட்டிப் பார்ப்பதுபோல இருக்கும். நடுநடுவே இரும்புத் தடுப்புக் கம்பிகள். கோல் விழுந்ததும் கூட்டம் மொத்தமாக முன்னால் சரியாமல் தடுப்பது அவைதான்.

ஆட்டம் தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்பே சுவரின் நடுப்பகுதி நிறைந்துவிடும். அங்கேதான் 'அல்ட்ராஸ்' எனப்படும் தீவிர ரசிகர் குழுக்கள் நிற்கும். அதில் 'தி யூனிட்டி' முக்கியமானது. அவர்களுக்கு முன்னால், வேலியை ஒட்டிய ஒரு சின்ன மேடையில் மைக் பிடித்தபடி ஒருவர் நிற்பார். அவருக்கு 'கேப்போ' என்று பெயர். எந்தப் பாட்டு, எப்போது கைதட்டல், எப்போது குதிப்பது என எல்லாம் அவர் கையில். மேட்ச் முழுக்க அவர் முதுகு மைதானத்தைப் பார்த்து இருக்கும்; முகம் கூட்டத்தைப் பார்த்து இருக்கும். தன் டீமுக்காக வருடம் முழுக்க அலையும் அவர், கோலை நேரில் பார்ப்பதே அபூர்வம்!

ஆட்டம் தொடங்கும் முன், எல்லோரும் மஞ்சள்-கறுப்பு மஃப்ளரைத் தலைக்கு மேலே விரித்துப் பிடித்து 'யூ வில் நெவர் வாக் அலோன்' பாடுவார்கள். லிவர்பூல் ரசிகர்களின் கீதமாச்சே என்று கேட்கலாம். சரிதான். ஆனால், அது முதலில் ஓர் அமெரிக்க மேடை நாடகத்துக்காக 1945-ல் எழுதப்பட்ட பாட்டு. லிவர்பூல் வழியாகப் பல ஊர்களுக்குப் போய், 90-களில் டார்ட்மண்டிலும் குடியேறியது.

கோல் விழுந்தால் அடுத்த கச்சேரி. ஸ்டேடியம் அறிவிப்பாளர் நார்பர்ட் டிக்கெல், கோல் போட்டவரின் முதல் பெயரை மட்டும் கத்துவார். குடும்பப் பெயரை 80,000 பேர் திருப்பிக் கத்துவார்கள். கடைசியில் அவர் 'டாங்கே' (நன்றி) என்பார். கூட்டம் 'பிட்டே' (பரவாயில்லை) என்று பதில் சொல்லும். இந்த டிக்கெல் சும்மா மைக் பிடிக்க வந்தவர் இல்லை. 1989 ஜெர்மன் கோப்பை ஃபைனலில் டார்ட்மண்டுக்காக இரண்டு கோல் அடித்த ஹீரோ.

இதில் இன்னொரு விஷயம், சுவர் பெரும்பாலும் கிளப் ஏற்பாடு செய்யும் நிகழ்ச்சி இல்லை. கேலரி முழுவதையும் மூடும் ராட்சத ஓவியங்களை ரசிகர்களே வாரக்கணக்கில் உட்கார்ந்து வரைகிறார்கள், தைக்கிறார்கள். செலவும் அவர்கள் வசூல் செய்வதுதான். 2013 ஏப்ரல் 9 அன்று மலாகா அணிக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில், பைனாகுலரில் கோப்பையைத் தேடும் ஒரு மனிதரின் உருவம் சுவர் முழுக்க எழுந்து நின்றது. அன்று 90 நிமிடம் முடிந்தபோது டார்ட்மண்ட் 1-2 எனப் பின்தங்கியிருந்தது. கூடுதல் நேரமாகக் கொடுத்த சில நிமிடங்களில் ரோய்ஸ் ஒன்று, சந்தானா ஒன்று என இரண்டு கோல். 3-2. அந்த சீசனில் அணி ஃபைனல் வரை போனது.

டிக்கெட் விலைதான் ரகசியம்

இனிதான் முக்கியமான விஷயம். இந்தச் சுவர் இன்றும் இருப்பது தானாக நடந்தது இல்லை. அது ஒரு முடிவு.

1989 ஏப்ரல் 15 அன்று, இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கி லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தார்கள். பலி எண்ணிக்கை 97. நெரிசலுக்கு முதல் காரணம் போலீஸின் தவறுகள் என்பது பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு விசாரணையில் உறுதியானது. ஆனால், அந்தச் சோகத்தைத் தொடர்ந்து, இங்கிலாந்தின் முதல் இரண்டு டிவிஷன் ஸ்டேடியங்களில் நின்று பார்க்கும் கேலரிகளை முழுக்க எடுத்துவிட்டு சீட் போட்டார்கள். பாதுகாப்பு கூடியது. கூடவே டிக்கெட் விலையும் ஏறியது. முன்பு நின்று பாடிய இளைஞர்களும் தொழிலாளர்களும் மெல்ல மெல்ல வெளியே போனார்கள். ஐரோப்பிய ஃபுட்பால் சங்கமான யூஃபாவும், 1998 முதல் தன் போட்டிகளில் நின்று பார்க்கத் தடை விதித்தது.

ஜெர்மனி வேறு வழியில் போனது. நிற்கும் கேலரியை ஒழிப்பதற்குப் பதிலாக, அதைப் பாதுகாப்பாக மாற்றலாம் என்று முடிவெடுத்தார்கள். தடுப்புக் கம்பிகள், பிரிவுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு, ஐரோப்பியப் போட்டி வந்தால் மட்டும் பொருத்தி எடுக்கும் சீட்கள் என ஒரு சிஸ்டம் வந்தது. அந்தப் போட்டிகளின்போது டார்ட்மண்டின் கொள்ளளவு அப்போது சுமார் 66,000 ஆகக் குறைந்தது. ஒரு கேலரியில் நிற்பதற்குப் பதில் உட்கார்ந்தால் எத்தனை பேர் வெளியே போகவேண்டியிருக்கும் என்பதற்கு இதைவிட நேரடியான கணக்கு வேண்டாம்.

டார்ட்மண்டின் தெற்கு கேலரியில் நிற்க ஓர் ஆட்டத்துக்கு சுமார் 20 யூரோதான், அதாவது நம் பணத்தில் 2,000 ரூபாய் சொச்சம். அதே ஸ்டேடியத்தில் நல்ல சீட்டுக்கு இரண்டு, மூன்று மடங்கு கொடுக்க வேண்டும். உலகம் முழுக்கப் பிரபலமான கேலரி, அந்த ஸ்டேடியத்திலேயே விலை குறைந்த இடமாக இருக்கிறது! விலையை மும்மடங்கு ஆக்கினாலும் டிக்கெட் விற்றுத் தீர்ந்துவிடும். ஆனால், அப்படி வாங்கி வருபவர்கள் 90 நிமிடம் தொண்டை கிழியப் பாடுவார்களா, இல்லை மொபைலில் வீடியோ எடுப்பார்களா?

இதன் பின்னால் ஒரு விதியும் இருக்கிறது. '50+1' என்பார்கள். ஜெர்மன் கிளப்களில் ஓட்டுரிமையின் பெரும்பான்மை, பண முதலீட்டாளரிடம் போகாமல் கிளப் உறுப்பினர்களிடமே இருக்கவேண்டும் என்பது அந்த விதி. டார்ட்மண்டில் 2 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

அதற்காக கிளப் எப்போதும் புத்திசாலித்தனமாக நடந்தது என்று சொல்லிவிட முடியாது. 2000-ல் பங்குச்சந்தைக்குப் போன முதல் ஜெர்மன் ஃபுட்பால் கிளப் இதுதான். நட்சத்திர வீரர்களுக்காகத் தாறுமாறாகச் செலவழித்து, கடனில் மூழ்கி, கடைசியில் இந்த ஸ்டேடியத்தையே விற்கும் நிலைக்கு வந்தது. 2005 மார்ச்சில், ஸ்டேடியத்தை வாங்கியிருந்த முதலீட்டாளர்கள் கூடி ஓட்டுப் போட்டு அவகாசம் கொடுக்காமல் இருந்திருந்தால், கிளப்பே திவால் ஆகியிருக்கும். அதே ஆண்டு ஸ்டேடியத்தின் பெயரை ஓர் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு விற்றார்கள். 2006-ல் ஸ்டேடியத்தைத் திரும்ப வாங்கினார்கள். பெயர் மட்டும் இன்னும் திரும்பவில்லை. பழைய ரசிகர்கள் இன்றைக்கும் 'வெஸ்ட்ஃபாலன் ஸ்டேடியம்' என்றுதான் சொல்வார்கள். ஸ்பான்சர் பெயர் அவர்கள் வாயில் வராது.

சுவர் பேசாத நாள்கள்

இந்தச் சத்தத்தின் மதிப்பு எப்போது புரியும் தெரியுமா? அது நிற்கும்போது.

2012 நவம்பர், டிசம்பரில் ஜெர்மனி முழுக்க ரசிகர்கள் ஒரு போராட்டம் நடத்தினார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் தங்களைக் கேட்காமலே புதிய கட்டுப்பாடுகள் வருகின்றன என்பது அவர்களின் குற்றச்சாட்டு. கோஷம் இல்லை, கலவரம் இல்லை. ஆட்டம் தொடங்கியதிலிருந்து 12 நிமிடம் 12 விநாடிகளுக்கு யாரும் வாயே திறக்கவில்லை. டிவியில் பார்த்தவர்களுக்குப் பந்தை உதைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. டிவி உரிமத்தைக் கோடிகளில் விற்பவர்களுக்கு, விற்கும் பொருளில் பாதி யாருடையது என்று புரிந்திருக்கும்.

2016 மார்ச் 13, மைன்ஸ் அணியுடன் ஆட்டம். கேலரியில் ஒரு ரசிகர் மாரடைப்பால் இறந்துவிட்டார் என்ற செய்தி இடைவேளைக்குள் பரவியது. யாரும் மைக்கில் சொல்லவில்லை, கேட்கவில்லை. கொடிகள் இறங்கின. டிரம்கள் நின்றன. 80,000 பேர் இருந்த இடத்தில், வீரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் குரல் கேட்டது. டார்ட்மண்ட் 2-0 என ஜெயித்தது. யாரும் கொண்டாடவில்லை. முடிவில் வீரர்கள் சுவருக்கு முன்னால் தோளோடு தோள் சேர்த்து நிற்க, மொத்த ஸ்டேடியமும் அந்தப் பெயர் தெரியாத மனிதருக்காகத் தன் கீதத்தைப் பாடியது.

2017 பிப்ரவரியில் இன்னொரு விதமான மௌனம். லைப்ஸிக் அணி வந்தபோது, டார்ட்மண்ட் ரசிகர்களில் ஒரு கூட்டம் எதிரணி ரசிகர்களைத் தாக்கியது. குடும்பத்தோடு வந்தவர்கள்மீதும் கல், பாட்டில் விழுந்தன. சுவரில் கேவலமான பேனர்கள் தொங்கின. தண்டனையாக, இரண்டு வாரம் கழித்து நடந்த வோல்ஃப்ஸ்பர்க் ஆட்டத்துக்குத் தெற்கு கேலரியை முழுக்கப் பூட்டினார்கள். கிளப்புக்கு 1 லட்சம் யூரோ அபராதம். மூன்று பக்கமும் ஆட்கள், நான்காவது பக்கம் வெறும் கான்கிரீட். 'மஞ்சள் சுவர்' புனிதமானது ஒன்றும் இல்லை. 80-களில் தீவிர வலதுசாரிக் கும்பல் ஒன்று இதே கேலரியில் காலூன்றியிருந்தது. அதை எதிர்த்து நிற்பதும் அதே கேலரி ரசிகர்கள்தான். இன்று கிளப் தன் ரசிகர்களை ஆஷ்விட்ஸ் வதை முகாமுக்கு அழைத்துப்போய், என்ன நடந்தது என்று காட்டுகிறது.

அதே 2017 ஏப்ரலில், மொனாக்கோவுடன் ஆட்டத்துக்குக் கிளம்பிய டார்ட்மண்ட் அணியின் பஸ் அருகே குண்டுகள் வெடித்தன. டிஃபெண்டர் மார்க் பார்ட்ரா காயமடைந்தார். ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. பிரான்ஸ் பக்கமிருந்து வந்த மொனாக்கோ ரசிகர்களுக்கு அந்த ராத்திரி தங்க இடமில்லை. 'எங்க வீட்டுல சோஃபா இருக்கு, வாங்க' என்று டார்ட்மண்ட் ரசிகர்கள் ட்விட்டரில் போஸ்ட் போட ஆரம்பித்தார்கள். எதிரணி ஜெர்சி போட்டவர்களோடு உட்கார்ந்து சாப்பிடும் போட்டோக்கள் உலகம் முழுக்கச் சுற்றின.

அப்புறம் கொரோனா. 2020 மே 16 அன்று பண்டஸ்லிகா திரும்பத் தொடங்கியது. முதல் நாளே டார்ட்மண்ட் - ஷால்க டெர்பி. சாதாரண நாளென்றால் ஊரே அதிரும். அன்று ஸ்டேடியத்தில் ரசிகர்கள் ஒருவர்கூட இல்லை. டார்ட்மண்ட் 4-0 என ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் பழக்கம்போலத் தெற்குப் பக்கம் நடந்தார்கள். வரிசையாக நின்று, காலியான படிகளைப் பார்த்துக் கைதட்டிக் குதித்தார்கள். பார்க்க ஒரு மாதிரி வேடிக்கையாகவும், ஒரு மாதிரி தொண்டையை அடைப்பதாகவும் இருந்தது.

தோற்ற பிறகும் பாடிய கூட்டம்

2023 மே 27. பண்டஸ்லிகாவின் கடைசி நாள். 11 வருடங்களுக்குப் பிறகு லீக் பட்டம் கைக்கு எட்டும் தூரத்தில். சொந்த மண்ணில் மைன்ஸை ஜெயித்தால் போதும். ஊர் முழுக்கக் கொண்டாட்டத்துக்குத் தயார். ஆனால், அரை மணி நேரம் முடிவதற்குள் மைன்ஸ் 2-0. பெனால்டி ஒன்றும் வீணானது. போராடி 2-2 வரை வந்தார்கள், போதவில்லை. இருவருக்கும் சமமான புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் பட்டம் பேயர்ன் மியூனிக்குக்குப் போனது.

பயிற்சியாளர் எடின் டெர்சிச், சிறுவயதிலிருந்து டார்ட்மண்ட் ரசிகர். இதே கேலரியில் நின்று பார்த்தவர். அவர் தனியாகச் சுவரின் முன்னால் போய் நின்றார். கண்ணீரை அடக்க முடியவில்லை. அந்த 25,000 பேரும் கிளம்பிப் போகவில்லை, திட்டவும் இல்லை. நின்று கைதட்டி, பாடினார்கள். டார்ட்மண்ட் பட்டம் வென்ற நாள்களின் வீடியோக்களைவிட, தோற்ற அந்த நாளின் வீடியோவைப் பகிர்பவர்கள் அதிகம் என்றால் ஆச்சர்யம் இல்லை.

அடுத்த வருடம், டார்ட்மண்டிலேயே பிறந்த மார்கோ ரோய்ஸ் தன் கடைசி லீக் ஆட்டத்தை இங்கே ஆடினார். அன்று அடித்த கோல்களில் ஒன்று, வளைந்து உள்ளே போன ஒரு ஃப்ரீ கிக். அதோடு, ஸ்டேடியத்துக்கு வந்த எல்லோருக்கும் தன் செலவில் பீர் வாங்கிக் கொடுத்தார். ஆமாம், எல்லோருக்கும்!

இந்தச் சுவர் நிலைக்குமா?

புகழ் வந்தால் கூடவே தலைவலியும் வரும். இங்கிலாந்திலிருந்து மட்டுமே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ரசிகர்கள் விமானம் ஏறி வருகிறார்கள். தங்கள் ஊரில் தொலைந்துபோன ஒன்றைப் பார்க்க வருகிறோம் என்கிறார்கள் அவர்கள். சுவரின் படம் விளம்பரங்களில் வருகிறது, வீடியோ கேம்களில் வருகிறது. ரசிகர்களின் பாசமே கிளப்பின் பிராண்ட் ஆகிவிட்டது. அந்த பிராண்டை விற்க விற்க, உள்ளே நிற்பவர்கள் சுற்றுலாப் பயணிகளாக மாறிவிடுவார்களோ என்ற கவலை பழைய ரசிகர்களுக்கு உண்டு.

அதனால்தான் அவர்கள் விலை விஷயத்தில் விட்டுக்கொடுப்பதில்லை. வெளியூர் ஆட்டங்களில் நிற்கும் இடத்துக்கு 20 யூரோவுக்கு மேல் கேட்டால் போகமாட்டோம் என்று 2010-லேயே ஓர் இயக்கம் தொடங்கினார்கள். 2016-ல் ஸ்டுட்கார்ட்டில் டிக்கெட் விலையைக் கண்டித்து மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை வீசினார்கள். 2024 தொடக்கத்தில், ஜெர்மன் லீக்கின் வருமானத்தில் ஒரு பங்கை முதலீட்டாளருக்குக் கொடுக்கும் திட்டம் வந்தபோது, நாடு முழுக்க எல்லா கிளப் ரசிகர்களும் டென்னிஸ் பந்துகளோடு கிளம்பிவிட்டார்கள். ஆட்டங்கள் நின்று நின்று நடந்தன. பிப்ரவரியில் லீக் அந்தத் திட்டத்தையே கைவிட்டது.

இதற்கிடையே காற்றும் கொஞ்சம் திசை மாறியிருக்கிறது. இங்கிலாந்து 2022-ல் பாதுகாப்பான நிற்கும் பகுதிகளை மறுபடி அனுமதித்தது. யூஃபாவும் அதே ஆண்டு சோதனை முயற்சியாகத் தடையைத் தளர்த்தியது. இப்போது சாம்பியன்ஸ் லீக் இரவுகளிலும் டார்ட்மண்டின் சுவர் முழுசாக நிற்கிறது. முப்பது வருடம் 'பழைய பாணி' என்று ஒதுக்கப்பட்ட ஒன்றை, மற்றவர்கள் இப்போது வந்து கற்றுக்கொண்டு போகிறார்கள்.

போகணும்னு ஆசையா? இதைத் தெரிஞ்சுக்கோங்க!

* டிக்கெட்: சுமார் 55,000 இடங்கள் சீசன் டிக்கெட்டிலேயே போய்விடும். மீதியில் உறுப்பினர்களுக்கு முன்னுரிமை. கிளப்பின் அதிகாரபூர்வ தளத்தையும், அங்கேயே இருக்கும் மறுவிற்பனைப் பகுதியையும் மட்டும் நம்புங்க. பெரிய அணிகளுடனான ஆட்டத்தைவிட, சின்ன அணிகளுடனான ஆட்டத்துக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

* எந்தப் பக்கம்? முதன்முறை போறவங்களுக்குத் தெற்கு கேலரியைவிட, சுவரைப் பார்த்தபடி உட்காரும் பக்கங்கள் பெஸ்ட். சுவருக்குள் நின்றால் சுவர் தெரியாது இல்லையா! சுவரில் இடம் கிடைத்தால் பாடணும், குதிக்கணும்; சும்மா நின்று வீடியோ எடுப்பதை அங்கே யாரும் ரசிக்க மாட்டாங்க.

* வழி: டார்ட்மண்ட் மெயின் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் சில நிமிடங்கள்தான். மேட்ச் டிக்கெட்டே அந்தப் பகுதியின் பொதுப் போக்குவரத்துக்கும் செல்லும். கூட்டத்தோடு சேர்ந்து நடந்தே போவது இன்னும் ஜாலி.

* டிரஸ்: நீல நிறம் வேண்டவே வேண்டாம். அது ஷால்கயின் நிறம்!

* மேட்ச் இல்லாத நாளில்: ஸ்டேடியத்தைச் சுற்றிக்காட்டும் டூர் உண்டு. வடகிழக்கு மூலையில் 'பொருசியம்' என்ற கிளப் மியூசியம். மெயின் ஸ்டேஷனுக்கு எதிரே ஜெர்மன் ஃபுட்பால் மியூசியம். நேரம் இருந்தால் கிளப் பிறந்த போர்சிக்பிளாட்ஸையும் ஒரு ரவுண்டு பார்த்துட்டு வாங்க.

* பக்கத்திலேயே: ஸ்டேடியத்தை ஒட்டி 'ரோட்டே எர்டே' என்ற பழைய மைதானம் இருக்கு. 1926-ல் திறந்தது. 1974 வரை டார்ட்மண்ட் ஆடியது அங்கேதான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரு கிளப் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்று புரியும்.

உள்ளே போக முடியாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்தமுறை டார்ட்மண்ட் ஆட்டத்தை மொபைலில் பார்க்கும்போது, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கமென்ட்ரியைத் தாண்டிப் பின்னால் வரும் சத்தத்தைக் கவனியுங்கள். அது ஸ்பீக்கரிலிருந்து வருவதில்லை. பகலில் பேக்கரியிலும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்துவிட்டு, 20 யூரோ கொடுத்து உள்ளே வந்து நிற்பவர்களின் தொண்டையிலிருந்து வருவது. அந்த விலை அவர்களுக்குக் கட்டுப்படியாகும் வரைதான் அந்தச் சுவர் இருக்கும்.